ஐடியா வேண்டுமா? காந்தி ரோட்டில் ஒரு நடை போய் வாருங்கள்: சொந்த ப்ராஜெக்ட் தொடங்கி முடிக்க ஒரு முழு வழிகாட்டி

"சொந்தமா ஒரு ப்ராஜெக்ட் பண்ணணும்ணே, ஐடியாதான் மாட்ட மாட்டேங்குது" என்று வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி சொல்வதுண்டு. போனை வாங்கிப் பார்த்தால் நோட்ஸில் பெரிய பட்டியலே இருக்கும்: செலவுக் கணக்கு ஆப், வேலைப் பட்டியல் ஆப், வானிலை ஆப், பாடம் சொல்லித்தரும் ஏஐ பாட். ஐடியாவுக்கு அங்கே பஞ்சமே இல்லை. அந்தப் பட்டியலில் உள்ள எதற்காகவும் ஊரில் ஒருத்தரும் காத்துக்கொண்டிருக்கவில்லை என்பதுதான் சிக்கல். யாரும் கேட்காத வேலையை, சம்பளமும் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து செய்ய யாருக்குத்தான் மனசு வரும்?

ஆர்வம் வரட்டும், அப்புறம் தொடங்கலாம் என்று இருப்பவர்கள் பெரும்பாலும் தொடங்குவதே இல்லை. எதிரே ஓர் ஆள் இருந்து, அவருக்கு ஒரு தொல்லை இருந்து, அதை நம்மால் தீர்க்க முடியும் என்று தெரிந்தால் ஆர்வம் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. கீழே உள்ள படிகள் எல்லாமே இந்த ஒரு நம்பிக்கையில் எழுதியவை. வேலூரை வைத்துச் சொல்கிறேன்; ஆரணியிலோ அரக்கோணத்திலோ இருந்தால் உங்கள் தெருப் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: எதற்காகச் செய்கிறீர்கள்?

இதற்கு நேர்மையாகப் பதில் சொன்னால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒருவருக்கு உதவ, சும்மா விளையாட, ஒன்றைக் கற்றுக்கொள்ள, வேலைக்கோ காசுக்கோ வழி தேட என்று பதில் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். நான்கிலும் தப்பில்லை. ஆனால் நான்கையும் ஒரே ப்ராஜெக்டின் தலையில் ஏற்றாதீர்கள். ரஸ்ட் என்ற நிரல் மொழியும் கற்க வேண்டும், அம்மாவுக்கும் உதவ வேண்டும், ரெஸ்யூமிலும் மின்ன வேண்டும், மாதம் நாலு காசும் வர வேண்டும் என்று தொடங்கிய எதையும் யாரும் முடித்து நான் பார்த்ததில்லை.

பெரிய பெயர் எடுத்த மென்பொருள்களிலும் தொடக்கத்தில் ஒரே ஒரு காரணம்தான் இருந்திருக்கிறது. இன்று உலகத்தில் இணையத்தோடு பேசும் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்குள் இருக்கும் கர்ல் என்ற மென்பொருள், ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் 1990-களின் நடுவில் தன் அரட்டை அறையில் தானாகப் பதில் சொல்லும் நிரலுக்கு அந்நியச் செலாவணி விகிதம் எடுத்துத் தரச் செய்த சின்ன வேலையிலிருந்து வளர்ந்தது. ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஊகிக்கும் வேர்டில் விளையாட்டை ஜோஷ் வார்டில் தன் துணைவிக்காகச் செய்தார். 2021 அக்டோபரில் பொதுவில் விட்டார், 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிக்கொண்டது. பைத்தான் என்ற நிரல் மொழி இவற்றிலிருந்து கொஞ்சம் வேறு மாதிரி. 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் அலுவலகம் பூட்டியிருக்கும், பொழுது போக வேண்டும் என்று கைடோ வான் ரோசம் ஆரம்பித்தது அது. யாருக்கும் உதவ அல்ல. அவருக்குப் பிடித்திருந்தது, செய்தார். ஆகவே விளையாட்டாகச் செய்வதைக் குறைவாக நினைக்காதீர்கள். அதற்கென்று தனியாக ஒரு படி கீழே வருகிறது.

காசைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் படம் வரைவதில் இயல்பாகவே ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழுவிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்து யாரும் எதுவும் சொல்லாமல் விட்டுப் பார்த்தபோது, அந்தக் குழுக் குழந்தைகள் மற்றவர்கள் வரைந்ததில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் பரிசு பெற்ற குழுவுக்கு ஆசை குறையவில்லை. சொந்த ப்ராஜெக்டுக்கும் இது பொருந்தும் என்பது என் எண்ணம். காசு பின்னால் வந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வாரத்திலேயே விலைப்பட்டியல் பக்கம் வடிவமைக்காதீர்கள்.

வேலையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். உங்கள் நியமன ஒப்பந்தத்தில் "பணிக்காலத்தில் உருவாக்கும் எல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம்" என்ற மாதிரி ஒரு பிரிவு இருக்கலாம். ஆபீஸ் லேப்டாப்பையும் ஆபீஸ் கணக்கையும் தொடாமல், சொந்த மெஷினில், சொந்த நேரத்தில் செய்வதே குறைந்தபட்ச முன்னெச்சரிக்கை. சந்தேகம் இருந்தால் எச்ஆரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

படி 2: ஒரு வாரம் கோட் எழுதாமல் ஊரைக் கவனியுங்கள்

சின்ன நோட்டு ஒன்றைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஆப் பெயர் எழுதக் கூடாது. யார், எங்கே, என்ன செய்யும்போது அலுத்துக்கொண்டார் என்று மட்டும் எழுதுங்கள். "பால்காரர், காலை, போன மாசம் எத்தனை நாள் லீவு விட்டோம்னு எல்லா வீட்டிலும் வாக்குவாதம்." இது போதும்.

எங்கே பார்ப்பது? ஒரே கேள்வியை நாள் முழுக்கப் பலர் வந்து கேட்கும் இடங்கள். ஒரே தகவலை இரண்டு நோட்டில் எழுதும் இடங்கள். மொழி தெரியாமல் கையாலும் கண்ணாலும் பேசிக்கொள்ளும் இடங்கள்.

இந்த வகையில் வேலூருக்குக் குறைவே இல்லை. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு இன்று மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். காந்தி ரோட்டில் போர்டுகள் வங்காளியில் இருக்கும். சமையல் வசதியோடு உள்ள லாட்ஜில் வாரக்கணக்கில் தங்கி, காய் வாங்கிச் சமைத்துச் சாப்பிடும் குடும்பங்கள் ஏராளம். ஒரு தெருவுக்குள் மூன்று நான்கு மொழி புழங்குகிறது. காய் விற்கிற அக்காவிலிருந்து ஆட்டோக்காரர் வரை எல்லோருக்கும் தினமும் ஏதாவது ஒரு இடத்தில் பேச்சு முட்டுகிறது. ஐடியா இல்லை என்பவரை நான் முதலில் அனுப்புவது இங்கேதான்.

காட்பாடி ஜங்ஷன் இன்னொரு சுரங்கம். சென்னைக்கும் பெங்களூருக்கும் வாராவாரம் போய்வருகிற கூட்டம், கல்லூரிப் பிள்ளைகள், நோயாளியோடு வருபவர்கள் எல்லாம் ஒரே பிளாட்பாரத்தில் நிற்பார்கள். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் போனால் ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் பீடி சுற்றும் வீடுகள். ஆம்பூரில் ஷூவின் மேல்பாகத்தை ஜோடிக்கு இவ்வளவு என்று வீட்டிலேயே தைக்கும் பெண்கள். இப்படி எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவர்களுக்கெல்லாம் கணக்கு என்பது சாதாரண விஷயமில்லை. எடுத்துக்கொண்டது எவ்வளவு, திருப்பிக் கொடுத்தது எவ்வளவு, கழித்தது எவ்வளவு என்பதில் ஒரு வரி மாறினால் அந்த வாரக் கூலி மாறும்.

ஆனால் எச்சரிக்கையாக இருங்கள். நோட்டைப் பார்த்த உடனே "இதை டிஜிட்டல் ஆக்கிடலாம்" என்று கை துடிக்கும். பல இடங்களில் அந்த நோட்டே கச்சிதமான கருவி. சார்ஜ் போட வேண்டாம், கீழே விழுந்தால் உடையாது, எழுதியதை எல்லோர் முன்னாலும் திறந்து காட்டலாம். நோட்டு செய்ய முடியாத ஏதாவது ஒன்றை நீங்கள் செய்தால்தான் அங்கே உங்களுக்கு வேலை.

படி 3: சலித்து ஒன்றை எடுப்பது

வார முடிவில் பத்துப் பதினைந்து வரிகள் சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றையும் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: அந்த ஆளை அடுத்த வாரம் நேரில் பார்க்க முடியுமா? இரண்டு வார இறுதிகளில் அவர் கையில் கொடுக்கிற அளவுக்கு ஏதாவது செய்ய முடியுமா? நான் ஆறு மாதம் திரும்பிப் பார்க்காவிட்டாலும் அது தப்பான தகவல் சொல்லாமல் இருக்குமா?

மூன்றாவது கேள்வியில்தான் நிறைய ஐடியாக்கள் மண்ணைக் கவ்வும். உதாரணம், பேருந்து நேர ஆப். பழைய பஸ் ஸ்டாண்டில் நின்று வெயிலில் காய்ந்த எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். செய்வதும் எளிது. ஆனால் பேருந்து இப்போது எங்கே வருகிறது என்ற நேரடித் தகவல் உங்கள் கையில் இல்லை. நேர அட்டவணையை நீங்களே கையால் தட்டச்சிட வேண்டும். அது மாறும்போது யாரும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. மூன்று மாதத்தில் ஆப் பொய் சொல்லத் தொடங்கும், ஒரு கிழவி அதை நம்பி நிற்பார். வேண்டாம்.

இதற்கு எதிரே, கெட்டுப்போகாத தகவல் என்று ஒன்று உண்டு. 1989-இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலை தனியானது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஒரே குடும்பத்தில் தாத்தாவின் பத்திரத்தில் வட ஆற்காடு, அப்பாவின் சான்றிதழில் வேலூர், பிள்ளையின் ஆதாரில் ராணிப்பேட்டை என்று இருக்கும். ஊர்ப் பெயரைத் தட்டினால் அது எந்த ஆண்டில் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று சொல்லும் ஒரு பக்கம் செய்யலாம். தரவைச் சேர்க்கத்தான் மெனக்கெட வேண்டும்; ஒருமுறை சேர்த்துவிட்டால் பழையது பழையதாகவே இருக்கும். மாவட்டம் மறுபடி பிரிந்தால் ஒரு பத்தி கூட்டினால் போதும்.

இன்னும் இரண்டு வகையைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிவிடலாம். நோயாளிகளின் விவரத்தைச் சேமிக்கும் எதுவும் வேண்டாம். அது தனியாள் பொழுதுபோக்காகச் செய்ய வேண்டிய வேலை இல்லை, 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. பிறர் பணத்தை வாங்கி வைக்கும் எதுவும் வேண்டாம்.

படி 4: முதலில் காகிதத்தில்

எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவி செய்ததைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் காய் விற்கும் ஓர் அக்கா, வங்காளி வாடிக்கையாளர்களோடு மல்லுக்கட்டுவதை அவள் கவனித்திருந்தாள். காயைத் தொட்டால் அதன் வங்காளிப் பெயரைப் போன் சொல்ல வேண்டும் என்பது அவள் திட்டம். கோட் எழுதும் முன் அட்டையில் காய்ப் படங்களை ஒட்டி, பக்கத்தில் பெயரைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு போனாள். கத்தரிக்காய்க்கு பேகுன், பாகற்காய்க்கு கொரொலா, மிளகாய்க்கு லொங்கா.

"அக்கா, இத பாருங்களேன், உபயோகமா இருக்குமா?"

அட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் சிரித்தார். "பேரெல்லாம் எனக்கு மனப்பாடம் பாப்பா. எத்தினி வருசமா இங்க கட போட்டிருக்கேன். கொத்தோன்னா எவ்ளோன்னும் தெரியும்."

"வெல சொல்றதுக்கு?"

"அதுக்கு கால்குலேட்டர்ல அடிச்சிக் காட்டிடுவேன். 'இது காலைல வந்த காய், வாடல'ன்னு சொல்லணும், அதான் வரமாட்டேங்குது. 'வெல கம்மி பண்ண முடியாது, வேணும்னா ரெண்டு மொளகா சேத்துப் போடறேன்'னு சொல்லணும். 'சில்லற இல்ல, நாளைக்கு வாங்கிக்கோ'ன்னு சொல்லணும்."

அவ்வளவுதான். காய்ப் பெயர்கள் எல்லாம் தேவையில்லை, பன்னிரண்டு வாக்கியம் போதும் என்று ஆகிவிட்டது. பேச்சு முடிந்து கிளம்பும்போது அக்கா இன்னொன்றும் சொன்னாராம்: "எழுத்து வேணாம் பாப்பா, படம் போடு. ஒரு கை தராசுல இருக்கும். அப்புறம் நல்லா சத்தமா பேசணும், இந்த ரோட்டுல ஆரன் சத்தத்துல ஒண்ணும் கேக்காது."

அட்டை, பசை, அரை மணி நேரம். இதற்குள் வடிவமைப்பு, அம்சங்களின் பட்டியல், எதைச் செய்ய வேண்டாம் என்ற பட்டியல் மூன்றும் வந்துவிட்டன. இதைவிட முக்கியமாக, "என்னா பாப்பா, அந்த போன் பேசறது ரெடியா?" என்று வழியில் கேட்க ஒருவர் கிடைத்துவிட்டார். எந்த நினைவூட்டல் ஆப்பும் இந்த வேலையைச் செய்யாது. உங்கள் ப்ராஜெக்டில் வேறெந்தப் படியைத் தாவினாலும் இதைத் தாவாதீர்கள்.

படி 5: கையில் கொடுக்கிற அளவுக்குச் சின்னதாகச் செய்யுங்கள்

முதல் வடிவத்துக்கு ஒரே விதி: ஏற்கெனவே தெரிந்த கருவி. கற்பதுதான் நோக்கம் என்றால் புதியது ஒன்றே ஒன்று சேர்க்கலாம். இரண்டு சேர்த்தால் பிழை எங்கே என்று தேடுவதிலேயே மாதம் போய்விடும்.

அந்த மாணவி செய்தது ஒரே ஒரு எச்டிஎம்எல் பக்கம், அதாவது பிரவுசரில் திறக்கும் ஒரு வெப் பக்கம். பன்னிரண்டு பெரிய படப் பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒலிக் கோப்பு. போனே வாசித்துக் காட்டும் வசதியை அவள் நம்பவில்லை. விலை குறைந்த போன்களில் வங்காளிக் குரல் இருக்கும் என்று உறுதி கிடையாது. விடுதியில் உடன் தங்கியிருந்த கொல்கத்தாத் தோழியைப் பேசவைத்துப் பதிவு செய்தாள். ஒரு வாக்கியம் மூன்று வினாடி. 128 கிலோபிட் எம்பி3 என்றால் சுமார் 48 கேபி. பன்னிரண்டும் சேர்ந்து அரை எம்பிக்குச் சற்று மேல். ஒருமுறை திறந்தால் சர்வீஸ் வொர்க்கர் என்ற பிரவுசர் வசதி எல்லாவற்றையும் போனிலேயே வைத்துக்கொள்ளும். அப்புறம் சிக்னல் இல்லாவிட்டாலும் பேசும். வெப் பக்கங்களை வைக்க இடம் தரும் கிட்ஹப் பேஜஸில் இலவசமாக ஏற்றி, அக்காவின் போனில் முகப்புத் திரையில் ஓர் ஐகானாக வைத்தாகிவிட்டது. லாகின் இல்லை, டேட்டாபேஸ் இல்லை, மாதச் செலவு இல்லை.

"ஆப் என்றால் ப்ளே ஸ்டோரில் இருக்க வேண்டாமா?" என்று கேட்பார்கள். கணக்குத் தொடங்க ஒருமுறை 25 டாலர் கட்ட வேண்டும். 2023 நவம்பர் நடுவுக்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகே வெளியிட விண்ணப்பிக்க முடியும். ஆப்பிள் பக்கம் ஆண்டுக்கு 99 டாலர். ஒரே ஓர் அக்காவுக்காகச் செய்யும் முதல் வடிவத்துக்கு இந்த அலைச்சல் எதற்கு? வெப் பக்கமே போதும்.

லோகோ, டொமைன் பெயர், டார்க் மோட் ஆகியவற்றைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அவற்றைச் செய்யும்போது வேலை நடக்கிற மாதிரியே இருக்கும். அதனால்தான் அவை ஆபத்து.

ஏஐ பற்றி: ஏஐ எழுதித் தரும் கோட் எதையும் நாம் படித்துக்கூடப் பார்க்காமல் ஓடவிடும் பழக்கத்துக்கு ஏஐ ஆய்வாளர் ஆந்த்ரே கார்பதி 2025 பிப்ரவரியில் வைப் கோடிங் என்று பெயர் வைத்தார். உதவுவதுதான் நோக்கம் என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அக்காவுக்கு யார் எழுதிய கோட் என்பது கவலை இல்லை. கற்பது நோக்கம் என்றால் முதலில் நீங்களே முட்டி மோதுங்கள், பிறகு அதனிடம் கேளுங்கள். விளையாட்டு என்றால், விளையாட்டை வேறொருவரை ஆடச் சொல்லிவிட்டு நாம் வேடிக்கை பார்ப்பதில் என்ன சுகம்?

படி 6: விளையாட்டாகச் செய்பவர்களுக்கு

இங்கே ஆள் தேட வேண்டாம், ஒரு புதிரைத் தேடுங்கள். எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். பைத்தானில் "வேலூர்" என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். நமக்கு மூன்று எழுத்து: வே, லூ, ர். பைத்தான் 6 என்று சொல்லும். வ, ஏகாரக் குறி, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று யூனிகோடின், அதாவது கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையின், கணக்கு அது. சரி, இப்போது "விகடகவி"யைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். முன்னும் பின்னும் ஒன்றாக வாசிக்கிற சொல் என்று சின்ன வயதிலேயே படித்திருப்போம். கணினி ஏழு குறிகளைத் திருப்பிப் போடும். இகரக் கொக்கி முதலில் வந்து தனியாகத் தொங்கும். "இது மாலைமாற்று இல்லை" என்று அடித்துச் சொல்லும்.

இதைச் சரிசெய்ய உட்கார்ந்தீர்கள் என்றால் ஒரு ராத்திரி போனதே தெரியாது. உயிர்மெய்யை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். "கொ"வில் உள்ள ஒகரத்தை ஒரு குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு வேறு. முதலில் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். க்ஷ, ஸ்ரீ வந்தால் என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் செக்மென்டர் என்ற வசதி இருக்கிறது, பைத்தானுக்கு ஓப்பன்-தமிழ் நூலகம் இருக்கிறது. ஆனால் முதலில் நீங்களே எழுதிப் பார்த்துவிட்டு அவற்றைத் திறந்து பாருங்கள், அப்போதுதான் சுவாரசியம். எழுத்து பிரிக்கத் தெரிந்துவிட்டால் அசை பிரிக்கலாம், அசை பிரித்தால் வெண்பா தளை தட்டுகிறதா என்று பார்க்கலாம். வினோத் ராஜன் செய்த அவலோகிதம் என்ற யாப்புக் கருவி இந்த வழியில் எவ்வளவு தூரம் போகலாம் என்று காட்டும்.

தமிழ் வேண்டாம், வானம் பிடிக்கும் என்றால் ஜவ்வாது மலைக் காவலூரில் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி நம் பக்கத்தில்தான் இருக்கிறது. இன்றிரவு நிலா எப்போது மறையும், எந்தக் கோள் எந்தத் திசையில் தெரியும் என்று உங்கள் மொட்டை மாடிக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். விடையைச் சரிபார்க்க மாடிக்கு ஏறினால் போதும்.

படி 7: நேரத்தைக் கட்டிப்போடுங்கள்

"நேரம் கிடைக்கும்போது செய்கிறேன்" என்றால் கிடைக்காது. எப்போது, எங்கே, என்ன செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் நினைத்ததைச் செய்து முடிப்பது அதிகம் என்று ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலிருந்து ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். "தினமும் கொஞ்சம்" என்பதைவிட "சனிக்கிழமை காலை டீ குடித்ததும் மாடியறையில் ஒலிக் கோப்பு வெட்டுவேன்" என்பது வேலைக்கு ஆகும்.

வேலூர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. அக்னி நட்சத்திர நாட்களில் மதியத்துக்கு எந்தத் திட்டமும் போடாதீர்கள். 40 டிகிரியைத் தாண்டிய மத்தியானத்தில் லேப்டாப் விசிறியும் நம் மூளையும் ஒரே நேரத்தில் கைவிரிக்கும். விடிகாலையில் செய்யுங்கள். வாராவாரம் ரயிலில் வருபவர்களுக்கு சென்னை–காட்பாடி இடையே கிடைக்கும் சுமார் இரண்டு மணி நேரம் நல்ல வாய்ப்பு. உட்கார இடம் கிடைத்தால். நெட் விட்டுவிட்டு வருவதால் வேறெதையும் மேயவும் முடியாது.

எழுந்திருக்கும்போது ஒன்றை அரைகுறையாக விட்டுவிட்டு எழுந்திருங்கள். அடுத்து என்ன என்று தெரிந்த இடத்தில் நிறுத்தி, கோப்பின் மேல் வரியில் எழுதி வையுங்கள்: "அடுத்தது: மூன்றாவது பொத்தானை அமுக்கினால் பழைய ஒலி நிற்க வேண்டும்." அடுத்த சனிக்கிழமை "எங்கே விட்டோம்" என்று தேடும் இருபது நிமிடம் மிச்சம். அந்த இருபது நிமிடத்தில்தான் பாதிப் பேர் யூடியூபுக்குப் போய்விடுகிறார்கள்.

படி 8: நடுவில் தொய்வு வரும்போது

வரும். முதல் உற்சாகம் வடிந்து, முடிவும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் எல்லா ப்ராஜெக்டிலும் உண்டு. அப்போது தன்னைத் தானே சோம்பேறி என்று திட்டிக்கொள்வதில் பயனில்லை. எதனால் தொய்வு என்று பாருங்கள்.

சிக்கிக்கொண்டிருந்தால், பிரச்சினையை ஒருவருக்குத் தமிழில் வாட்ஸ்அப் குரல் செய்தியாக விளக்குங்கள். அனுப்பக்கூட வேண்டாம், பேசி முடிப்பதற்குள் பாதி நேரம் விடை தட்டுப்பட்டுவிடும். அலுப்பாக இருந்தால், மீதி வேலையில் எதை வெட்டலாம் என்று பாருங்கள். ஏற்கெனவே இதைவிட நல்லது ஒன்று இருக்கிறது என்று கண்டுபிடித்து மனம் விட்டுப்போயிருந்தால், அது அந்த அக்காவின் போனில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் சந்தோஷமாக அதையே போட்டுக் கொடுங்கள், உங்கள் வேலை முடிந்தது. ஓடாவிட்டால் உங்களுடையதற்கு இன்னும் தேவை இருக்கிறது.

கற்க வேண்டியதைக் கற்றுவிட்டதால் ஆர்வம் போயிருக்கலாம். கற்பதற்காகத் தொடங்கியது என்றால் அது தோல்வியே இல்லை. மூடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

இவை எதுவும் இல்லை, சும்மாவே மனசு வரவில்லை என்றால் லேப்டாப்பை மூடிவிட்டு அந்தக் கடைக்குப் போய்ப் பத்து நிமிடம் நில்லுங்கள். ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்குங்கள். எலவம்பாடி முள்ளுக் கத்தரி வந்திருந்தால் இன்னும் நல்லது. அங்கே நடப்பதைப் பார்த்தாலே அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கை பரபரக்கும்.

படி 9: யாரிடம் காட்டுவது

முதலில் யாருக்காகச் செய்தீர்களோ அவரிடம். அப்போது வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். "இதை அமுக்குங்க, அதை அமுக்குங்க" என்று சொல்லித்தந்தால் எது புரியவில்லை என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பன்னிரண்டு பொத்தான்களில் அக்கா தினமும் பயன்படுத்தியவை நான்கோ ஐந்தோதான். அவற்றை மேலே ஏற்றி, மற்றதைக் கீழே இறக்கியதுதான் இரண்டாம் வடிவம். பக்கத்து மருந்துக் கடைப் பையன் "எனக்கும் வேணும்க்கா, 'சாப்பாட்டுக்கு முன்னாடி'ன்னு சொல்ற மாதிரி" என்று கேட்டதும் அவள் மறுத்துவிட்டாள். மருந்து விஷயத்தில் ஒரு சொல் மாறினாலும் வம்பு. சரியான முடிவு.

அதற்கு அப்புறம் இரண்டு மூன்று நண்பர்களிடம் காட்டலாம். லிங்க்டின் பதிவு கடைசியில். செய்து முடிக்கும் முன்பே ஊரெல்லாம் சொல்லி வாழ்த்து வாங்கிவிட்டால், செய்து முடித்த திருப்தி முன்பணமாக வந்துவிடும். வேலை தேடுபவர்கள் மட்டும் நேர்காணலுக்காக ஒன்றைக் குறித்து வையுங்கள்: என்ன செய்தேன் என்பதைவிட, காகித அட்டையைப் பார்த்து அக்கா என்ன சொன்னார், அதனால் எது மாறியது என்று சொன்னால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

படி 10: விட்டுவிட்டுப் போகும் வழி

படிப்பு முடியும், வேலை பெங்களூருக்கு மாறும், கல்யாணம் ஆகும். அன்றைக்கு ப்ராஜெக்ட் என்ன ஆகும் என்பதை இன்றைக்கே யோசியுங்கள். கோட் முழுவதையும் பொதுவில் வைத்து, யாரும் எடுத்துப் பயன்படுத்த விடும் எம்ஐடி மாதிரி எளிய உரிமம் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். ரீட்மீ என்ற விளக்கக் கோப்பைத் தமிழில் எழுதுங்கள்: இது யாருக்கு, எப்படி ஓட்டுவது, என்ன செய்யாது. தரவு இருந்தால் எக்செல்லில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ள ஒரு பொத்தான் வையுங்கள்.

அந்த மாணவியின் ரீட்மீயில் ஒலிக் கோப்புகளுக்கு 1 முதல் 12 வரை எண்தான் பெயர். எந்த எண் எந்த வாக்கியம் என்று ஒரு சின்ன அட்டவணை, அதன் கீழே இரண்டு வரி: "புதிதாகப் பேசிப் பதிவு செய்து அதே எண்ணில் ஏற்றினால் போதும், கோட் எதையும் தொட வேண்டாம். பொத்தானுக்கு வேறு படம் வேண்டுமென்றால் படத்துக்கும் அதே எண்." பத்தாவது படிக்கும் அக்காவின் மகன் போன மாதம் அதைப் பார்த்து 7-ஆம் எண்ணை மாற்றிவிட்டான், இப்போது அது, ஜிபே வேலை செய்யவில்லை, காசாகக் கொடுங்கள் என்று வங்காளியில் சொல்கிறது.